கண்காணாத தேசம்

நானூற்றுப் பதினாறாம் பக்கத்தில்
அவளை ஒரே வரியில் அனுப்பிவிட்டார்:
"தைலம்மை கப்பலேறிக்
கண்காணாத தேசம் போய்ச் சேர்ந்தாளென்று கேள்வி."
அடுத்த வரியில் நாதஸ்வரம்.
ஸ்ரீவரதனுக்குக் கல்யாணம்.

எழுதியவர் போய்த் தொண்ணூறு வருஷம்.
அவர் நாயகியின் மூக்குத்தி மட்டும்
மூன்று பக்கம் மின்னும்.
தைலம்மைக்கு இருந்ததெல்லாம்
இடுப்பில் ஒரு தவலை,
"சரிங்க" என்று ஒரு வசனம்.
அதுவும் இரண்டே தடவை.

ஐயா,
நீங்கள் சொன்ன கண்காணாத தேசத்திலிருந்துதான்
எழுதுகிறேன்.
லாபிஸ், ஜொகூர்.
ஒரே கடைத்தெரு, கோழிச்சோற்றுக் கடை,
முனீஸ்வரர் கோயில், அதற்கப்பால்
கண் போகும் தூரமெல்லாம் செம்பனை.
ஆலையில் எடைமேடைக் கிராணி நான்.
லாரி ஏறும், எண் ஒளிரும்.
குலை கொட்டி வெறும் வண்டியாய்த் திரும்பும்.
கழித்துச் சீட்டுக் கிழிப்பேன்.
இரண்டு லாரிக்கு நடுவே
சீட்டின் முதுகில்
உங்கள் வேலைக்காரி நடக்கிறாள்.

முதலில் உங்கள் நடையில்தான் எழுதினேன்.
"அந்தோ", "அகஸ்மாத்தாய்",
"வாசகர்களே, சற்றுப் பொறுங்கள்".
இருபது சீட்டு.
காவலாளி சுகாந்தோ அதில்
கச்சான் மடித்துக்கொண்டு போனார்.
நியாயம்தான்.

பிறகு அவளைக் கப்பலிலிருந்து இறக்கினேன்.
கையோடு வந்த உங்கள் தவலையைக்
கிள்ளான் கரையிலேயே விட்டுவிட்டாள்.
ஏன் என்றேன்.
"கனம்" என்றாள்.

பெரட்டுக் களத்தில்
விடியாத நாலரை மணிக்குப்
பெயர் கூப்பிட்டார்கள்.
கங்காணி பார்த்தான்.
இங்கே கண் காணாதது எதுவுமில்லை ஐயா;
காண்பதற்கென்றே ஆள் வைத்த தேசம்.
எத்தனை மரம், எத்தனை வாளிப் பால்,
எத்தனை நாள் வயிற்று வலியென்று படுத்தாள்,
எல்லாம் கண்டார்கள்,
செக்ரோலில் ஏற்றினார்கள்.
நீங்கள்தான் காணவில்லை.

இந்த வரியை எழுதிவிட்டு
எனக்கே கை தட்டிக்கொண்டேன்,
கண்ணாடிக் கூண்டுக்குள், தனியாக.

அவளை ஊருக்குத் திருப்பியனுப்பி
ஸ்ரீவரதன் வாசலில் நிறுத்தி
நாலு வார்த்தை கேட்க வைப்பதாய்த் திட்டம்.
ஏழு இரவு டிக்கெட்டோடு காத்திருந்தேன்.
அவள் வரவில்லை.
லயத்தில் சீட்டுப் பிடிக்கிறாள்.
மாதம் இரண்டு வெள்ளி, பதினெட்டுப் பேர்.
கள்ளுக்கடைச் சண்டைக்குப் போவதில்லை,
தள்ளிப் போடுகிறவனை விடுவதுமில்லை.
இடுப்புச் சுருக்கில் சாவி.
அழகாய்க் கூட இல்லை.
எனக்குப் பிடித்துப்போயிற்று.

வேலை கூடிவிட்டது அவளுக்கு.
எனவே தண்ணீர் தூக்க
ஒரு சிறுமியை வைத்தேன்.
ஆற்றிலிருந்து இரண்டு மண்ணெண்ணெய் டின்,
காவடிக் கம்பு,
"சரிங்கக்கா".

நேற்று இரவு மழை.
கதை வேகமாய்ப் போயிற்று.
சீட்டு ஏலம் சூடு பிடிக்கும் இடத்தில்
அந்தப் பிள்ளை குறுக்கே நின்றாள்.
எழுதினேன்:
"மலைக்காய்ச்சலில் அவளும் போய்விட்டாளென்று சொன்னார்கள்."
அடுத்த வரியில் ஏலம்.

பேனாவை வைத்துவிட்டுப்
புத்தகத்தைத் திறந்தேன்.
நானூற்றுப் பதினாறு.
மூடினேன்.

பெயராவது வைப்போமென்று
குப்பாயி என்றேன்.
வீராயி என்றேன்.
பெரியக்காள் என்றேன்.
எதற்கும் அவள் திரும்பவில்லை.

ஹாரன்.
அம்பலவாணன் அண்ணன் லாரி மேடையில்.
எண் ஏறுகிறது, இறங்குகிறது,
நிலைக்க மாட்டேனென்கிறது.
ஜன்னலைத் தள்ளிக் கத்தினேன்:
"அண்ணே, மேடையில யாராச்சும் நிக்கிறாங்களா பாருங்க!"

டார்ச்சோடு இறங்கினார்.
சக்கரத்துக்கு அடியில், பின்னால்,
நிதானமாய்ச் சுற்றி வந்தார்.

"யாருமில்லம்மா" என்றார்.
"தண்ணிதான்."