பத்தாம் தேதிக்கு மேல்

எழுமலை பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ப்புறம்
ஜெராக்ஸ் கடையில் பாதி இடம் என் பேங்க்.
மேசை, விரல் வைக்கிற மெஷின்,
துடைத்துவிட ஓர் ஈரத்துணி.
ஆயிரம் ரூபாய்க்கு எனக்கு நாலு ரூபாய்.

பத்தாம் தேதிக்கு மேல் பணம் இறங்கும்.
நாந்தேடு, ராய்ச்சூர், அதோனி:
முறுக்குச் சட்டி காய்கிற ஊர்கள்.
ஒன்றுக்கும் நான் போனதில்லை,
ஆனாலும் எங்கே மழை என்று சொல்லிவிடுவேன்.
ஐயாயிரம் வருகிற கணக்கில்
ஆயிரத்து எழுநூறு வந்து நிற்கும்.
ஈரக்காற்றில் முறுக்கு நமுத்துவிடும்,
நின்று வாங்க ஆள் இருக்காது.

ஒச்சம்மா தன் அரைக்குறுக்கம் சோளத்துக்கு
மழை கேட்டுக் கும்பிடுவாள்.
அதே மூச்சில்,
"நாந்தேட்டுப் பக்கம் மட்டும் வேண்டாஞ்சாமி."

புருஷன் மொக்கராசு அங்கே.
மூத்தவன் பிளஸ் டூவைப் பாதியில் விட்டு
அப்பனோடு மாவு பிசைகிறான்.
ரேஷன் கார்டில் ஐந்து பேர்.
மாசிப் பச்சைக்கு இரண்டு நாள் தவிர
சோற்றுக்கு மூன்று பேர்தான்.

அவள் எண்ணும்போதே பணம் பேர் சொல்லிப் பிரியும்.
குழுக்கடன் அக்கா என் வாசலிலேயே நிற்பாள்,
அடகுக்கடைக்காரர் எதிர்ச்சாரியில் இருந்து
பார்த்தும் பார்க்காதது போல.
கடைசியில் கையில் ஓர் ஐந்நூறு,
அதற்கும் சில்லறை கேட்பாள்.

(என் தம்பியும் திருப்பூரில்தான் இருக்கிறான்.
அவன் அனுப்புவதில்லை, நான் கேட்பதுமில்லை.)

இந்த மாதம் நாலாம் தேதியே வந்துவிட்டாள்.
விரலை நீட்டவில்லை.
மஞ்சள் பைக்குள் பால் கவர்,
அதற்குள் பதினெட்டாயிரம்,
ஆட்டு வாடை போகாத நோட்டுகள்.
"எடுக்கணுமாக்கா?"
"போடணும்."
காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன்.
"போடணுங்கறேன். அவருக்கு."

வண்டியை முனிசிபாலிட்டிக்காரன் தூக்கிப்போய்விட்டானாம்,
அடுப்போடு, பிசைந்த மாவோடு.
எண்ணெய் கடன் கொடுத்தவன் ரூம் வாசலில் உட்கார்ந்திருக்கிறானாம்.
மேலே கேட்கவில்லை. பின்னால் ஆள் நின்றது.

ஒன்பது வருஷமாகப் பெறுபவர் கட்டத்திலேயே
கிடந்த பேர் அவளுடையது.
மெஷினில் அந்த இன்னொரு பக்கத்தைத் தேட
எனக்கே நேரம் பிடித்தது.
காரணம் கேட்டது.
குடும்பச் செலவு என்று அழுத்தினேன்.
அங்கிருந்து வரும்போதும் அதைத்தான் அழுத்துகிறார்கள்.

"ஓன் கூலிய இதுல புடிச்சிராத தாயி,
தனியாத் தாரேன். அங்க முழுசாப் போகணும்."

எழுபத்திரண்டு ரூபாய், எல்லாம் நாணயம்,
இரண்டு தடவை எண்ணி மேசையில் வைத்தாள்.

ரசீதை நாலாக மடித்துக்கொண்டாள்.
அவள் ஊர் பஸ் வந்தது, நின்றது, கிளம்பியது.
புளியமரத்து ஓரமாக நடக்க ஆரம்பித்திருந்தாள்.
நல்ல வெயில்.
எங்கள் பக்கம் இன்னும் பெய்யவில்லை.