ஐந்து தரம்

கைப்பிடி இல்லாத கதிரையைச்
சுவரோடு அணைத்து வைத்துவிட்டு
"கையை நெஞ்சில கட்டுங்கோ அம்மா,
அஞ்சு தரம் எழும்பி இருங்கோ"
என்கிறாள் ஷஸ்னா மிஸ்.
அவள் கைபேசியில் விநாடிகள் ஓடுகின்றன.

மூன்றாவது தரத்தில் என் தொடை
யாரோ ஒருத்தியுடையதாகிறது.
பத்தொன்பது விநாடி.
கொப்பியில் எழுதுகிறாள்.
பிறகு ஓர் இரும்புப் பிடியைத் தந்து
நசுக்கச் சொல்கிறாள்.
பதின்மூன்று கிலோ:
ஒரு காஸ் சிலிண்டருக்குள் அடைத்த
வெறும் வாயுவின் நிறை.

திருகோணமலையில் இதே ஆஸ்பத்திரியில்
முப்பத்தொரு வருடம் அற்றெண்டனாக இருந்தவள் நான்.
ஏழாம் வாட்டில்
என் கை படாத முதுகு இல்லை.
ட்ரொலியிலிருந்து கட்டிலுக்கு,
கட்டிலிலிருந்து ட்ரொலிக்கு,
பனையால் விழுந்தவர், படகு கவிழ்ந்தவர்,
ஷெல் விழுந்த இரவுகளில் கணக்கில்லாமல்.
"ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று நான் சொன்னால்
டொக்டரும் சேர்ந்து தூக்குவார்.
சீனக்குடா வில்பிரட் நூற்றுப் பத்துக் கிலோ.
தனியே புரட்டி முதுகு துடைத்தேன்.
"உனக்கு எருமைத் தொடை, பெர்னதெத்" என்றார்.
கோபம் வரவில்லை.
இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தேன்.

அந்தத் தொடை எங்கே போனது?
தராசு ஐந்து வருடமாக
அதே அறுபத்திரண்டைத்தான் காட்டுகிறது.
கண் அசந்த நேரம் பார்த்து
இறைச்சிக் கடைக்காரன் போல யாரோ
தசையை எடுத்துவிட்டுக்
கொழுப்பை வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கார்த்திகை மழையில் ஒரு விடியற்காலை
குளியலறையில் வழுக்கியது.
எலும்பு முறியவில்லை.
எழும்பத்தான் ஏலவில்லை.
சீமெந்து குளிர்ந்தது.
வாளியின் அடியில் எவ்வளவு பாசி என்று
அன்றைக்குத்தான் கண்டேன்.
பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்,
பிறகு எங்கள் கோயில் மணி,
பிறகு பாண்காரனின் மோட்டார் சைக்கிள்
வாசலைக் கடந்து போனது.
கூப்பிட வெட்கம். உடம்பில் ஒரு துணி இல்லை.
நான் தூக்கிய அத்தனை பேருக்கும்
இப்படித்தான் கூசியிருக்கும்.
ஒருவரையும் கேட்டதில்லை.

வேறு ஆளில்லை,
எனக்கு நானே அற்றெண்டனானேன்.
சரி அம்மா, பயப்படாதேங்கோ.
முதல்ல பக்கவாட்டில திரும்புங்கோ.
முழங்கையை ஊண்டுங்கோ.
வாளியைக் கவிழ்த்துப் போட்டு
அதைப் பிடியுங்கோ.
ஒண்டு.
ரெண்டு.
மூண்டு வர
நல்லா விடிந்துவிட்டது.

"படுத்து ரெஸ்ட் எடுங்கோ அம்மா"
என்கிறான் மகன், ரொறொன்ரோவிலிருந்து.
"படுத்தால் போச்சு" என்கிறாள் ஷஸ்னா மிஸ்.
இரண்டு பேரில்
என் தொடையை அழுத்திப் பார்த்தவள் அவள்.

ஆகவே காலையில் முட்டை,
விலை எவ்வளவானாலும்.
பயறு, நெத்தலி.
மணல் நிறைத்த இரண்டு சோடாப் போத்தல்.
பின்னேரங்களில் டச்பே கரையில்
முழங்காலளவு தண்ணீரில் இறங்கி
அலைக்கு எதிராக நடக்கிறேன்.
சின்னப் பையன்கள் சிரிக்கிறார்கள்.
கோட்டை வாசலில் மான்கள் படுத்திருக்கும்.
ஓட்டோ ஹோர்ன் அடித்தால்
பின்கால் முதலில், முன்கால் அடுத்து,
அலட்சியமாக எழும்பும்.
நின்று பொறாமையோடு பார்ப்பேன்.

தையில் பதினேழு விநாடி.
மாசியில் பதினாறு.
பங்குனியில் காய்ச்சல், திரும்பவும் பதினெட்டு;
அன்று போத்தல்களை முற்றத்தில் எறிந்தேன்,
பின்னேரம் பொறுக்கினேன்.
இப்போது பதினான்கு.
வில்பிரட் இருந்தால் சிரிப்பார்.

நிலாவெளி பஸ்ஸின் படி
இன்னும் அதே உயரம்.
கொண்டக்டர் பையன் வழமைபோலக்
கமக்கட்டில் பிடித்து இழுக்கக் குனிகிறான்.
"கெதியா ஏறுங்கோ, தாங்கோ இஞ்ச."

ஒண்டு, ரெண்டு.

பையைக் கொடுத்தேன்.