டேங்க் மூடி

படந்தாலுமூட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனால்
லிட்டருக்கு ஆறேழு ரூபாய் கூடுதல்.
ராத்திரி பத்தரைக்கும்
கேஎல் பத்தொன்பதுகள் வரிசை பிடித்து நிற்பது
என் முகத்துக்காக இல்லை.

"பவரா, சாதாவா? எது நல்லது சேச்சி?"
வண்டிக்கு என்ன வயசு?
"பதினாறு."
சாதாவே போதும்.
மிச்சக் காசுக்குப் பழம்பொரி தின்னுங்க.

இறங்குங்க. எஞ்சினை அணையுங்க.
ஜீரோ பார்த்தாச்சா?
நாளைக்கு முந்நூறு தடவை சொல்லி
எனக்கே கேட்பதில்லை இந்த வார்த்தைகள்.

மீட்டர் நாற்பது ரூபாயைத் தொடும்போது
அவன் சட்டைப்பையில் போன் அலறியது.
கை உள்ளே போனது.
விசையை விட்டேன். குழாயை உருவினேன்.
டேங்க் வாயை உள்ளங்கையால் பொத்தினேன்.
சில்லென்று ஏறியது,
பெட்ரோலுக்கு மட்டுமே உள்ள அந்தக் குளிர்.

"பாறசாலை ஆஸ்பத்திரி. எடுக்கணும்."
எடுங்க.
அந்த மஞ்சள் கோட்டுக்கு அங்கிட்டுப் போய் எடுங்க.

பதினாறு வயசு வண்டியை
பிள்ளையைத் தள்ளிக்கொண்டு ஓடுவதுபோல் ஓடினான்,
காற்றடிக்கும் இடத்தையும் தாண்டி, இருட்டுக்கு.
பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.
அதற்குள்ளே மலையாளத்தில் ஒரு கூச்சல்.
ஆணா பெண்ணா, பிடிபடவில்லை.
அப்புறம் எஞ்சின் சத்தம்,
தெற்கே... இல்லை, பாறசாலைப் பக்கம்.

நாற்பத்து மூன்று ரூபாய் இருபது பைசா
என் சம்பளத்தில் போகும்.
போகட்டும்.
மூடி என் பேன்ட் பையில் இருக்கிறது.
திறந்த டேங்கோடு போகிறான்,
பீடி குடிக்காதவனாக இருக்கணும்,
மாதாவே.

அடுத்த வண்டி.
இறங்குங்க.
ஜீரோ பார்த்துக்குங்க.