இருக்கை உயரம்

கடியபட்டணத்தில் இரும்புக்கு ஆயுசு
மூன்று மழைக்காலம்.
கதவுக் கீல், கட்டில் கால், மாதா படத்தின் கொளுக்கி,
எல்லாவற்றையும் அவசரமில்லாமல்
தின்று முடிக்கும் உப்பு.

ஆணியே இல்லாத மேசை, பெஞ்சு வேண்டுமென்று
தக்கலைக்குப் பஸ் ஏறி வந்தாள் மெற்றில்டா.

மரமில்லுக்குப் பின்னால் என் பட்டறை.
சுவரில் நான் வரைந்த திரைச்சீலைகள்:
ஒரு காம்பில் மூன்று ரப்பர் இலை.
இடது ஓரத்தில் அறுபடும் இலை
வலது ஓரத்தில் தொடர்ந்தாக வேண்டும்.
அந்த ஒட்டு தெரியாமலிருக்க ஏழு தாள் கிழித்தேன்.
ஏற இறங்கப் பார்த்தவள் கேட்டாள்,
"இதுக்கும் பால் வெட்ட ஆள் வரணுமா?"

அளவெடுக்கப் போனேன்.
முழங்கால் பின்மடிப்பிலிருந்து தரை வரை,
அதுதான் நாற்காலி. மிச்சமெல்லாம் மரம்.
ததேயுஸ் நாற்பத்தைந்து.
மூத்தவன் ஷிபின் நாற்பத்தேழு.
மாமியார் நாற்பது.
இளையவன் வளர்கிறான், அவனுக்கு ஊகம்.
அவள் கட்டன்காப்பி கொண்டுவந்தாள்.
மிக்சர் கொண்டுவந்தாள். ஃபேன் போட்டாள்.
பூனையை விரட்டினாள்.

அயனிப் பலகை.
தேக்கு முளைகளை வெளியே தெரிய விட்டேன்.
எதை எது பிடித்து நிற்கிறது என்று
மேசை ஒளிக்கக் கூடாது, அது என் பிடிவாதம்.
அடிப்பக்கத்தையும் இழைக்கச் சொன்னபோது
சுயம்பு ஆசாரி முறைத்தார்.
"அங்க யாரு பாக்கா?"
"கை பார்க்கும்."
பிறகு அவர்தான் இரண்டு நாள் கூடுதலாக இழைத்தார்,
கூலி கேட்கவில்லை,
பேசவுமில்லை.

இறக்கிவைத்ததும் முளைகளைத் தடவிப் பார்த்து
மெற்றில்டா சொன்னாள்,
"அம்மை போட்டது போல இருக்கு."

கடைசித் தவணை வாங்க
ஆடி கழிந்து போனேன்.
மேசைமேல் பிளாஸ்டிக் விரிப்பு.
அதில் ஆப்பிள், திராட்சை, வெள்ளிக் கிண்ணம்.
என் முளைகள் எல்லாம் பழத்துக்கு அடியில்.
பெஞ்சைத் தேடினேன்.
முற்றத்து வெயிலில் கிடந்தது,
நீளம் முழுக்க நெத்தோலி காய்ந்துகொண்டு.

வாய் வரை வந்துவிட்டது கோபம்.

"நல்ல பெஞ்சாக்கும்" என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து.
"பலகைக்கு எடையில இடைவெளி விட்டியளே,
ஈரம் நிக்கேல்ல."

திரும்பினேன்.
பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் இருந்து
சாளைக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

அவள் உட்கார்ந்து நான் பார்ப்பது
அதுதான் முதல் தடவை.

நோட்டைப் புரட்டினேன்.
நாலு பேர், நாலு எண்.
அவள் பெயர் ரசீதுப் பக்கத்தில் மட்டும்,
சீட்டு எடுத்துக் கட்டிய முன்பணத்துக்கு எதிரே.

டேப்பை உருவினேன்.
"எழும்பாதீங்க."
"எனக்கு எதுக்கு, இந்த வாளி போதும்."
வாளி முப்பத்தாறரை.
அவளுக்கு முப்பத்தெட்டு.
ஒன்றரை சென்டிமீட்டர்,
இத்தனை வருஷமாய் அவள் இடுப்பில்.

எண்ணின்மேல் ஒரு செதில் தெறித்து ஒட்டியது.
கத்தி நிற்கவில்லை.
"இதுக்கு தனிப் பைசா கேப்பியளோ?
இல்ல, தவணையில சேத்துக்கிடுவியளா?"