ஒன்பது இருபது

"உங்க வீக்னெஸ் என்ன?"
கழக்கூட்டத்தில், மூன்றாம் மாடியில் கேட்டார்கள்.
மூன்று பேர். நடுவில் இருந்தவர்
பிஸ்கட்டைக் கட்டஞ்சாயாவில் நனைத்துக்கொண்டிருந்தார்.
அது விழுவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று
எனக்கு ஏனோ தோன்றியது.

பதில் தயாராகத்தான் இருந்தது.
"எதையும் நூறு சதவீதம் சரியாக்காமல் விடமாட்டேன் சார்,
அதுதான் என் குறை."
பெருமைக்குக் குறைவேஷம் கட்டி
ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நடக்கவிட்டிருந்தேன்.
மார்த்தாண்டத்தில் கோச்சிங் நடத்தும் பிரின்ஸ்லால்
அப்படித்தான் சொல்லச் சொன்னான்,
அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு.

பிஸ்கட் விழுந்தது.

"இடையில் நாலு வருஷம்?"
அம்மாவுக்கு டயாலிசிஸ். அதைச் சொல்லவில்லை.
"சொந்தமாக ஒரு வெப்சைட் நடத்துகிறேன்."
அது பொய்யும் இல்லை.

களியக்காவிளையில் இரண்டு அரசாங்கத்து பஸ்ஸும்
சண்டைபோட்ட பங்காளிகள்.
அங்கிருந்து வருகிறவர் இறங்கிக் குடை விரிப்பதற்குள்
இங்கிருந்து போகிறது நகர்ந்திருக்கும்.
மெடிக்கல் காலேஜுக்கு அம்மாவோடு போய் வந்து
மருந்துச் சீட்டுகளின் பின்னால் குறித்த நேரங்களை
ஒரே பக்கமாக்கினேன்:
எந்த பஸ்ஸை விட்டால் எந்த பஸ்.

ஊருக்கு அதைச் சொல்ல வேண்டுமே.
துண்டுச் சீட்டு அடித்தேன். தமிழ் ஒரு பக்கம், மலையாளம் மறுபக்கம்.
மலையாளத்தில் ஒரு சுழி தப்பு, திருத்தக் காசில்லை.
ரப்பர் ஷீட் கடைத் தூணில் கேட்டு ஒட்டினேன்,
மரச்சீனி வண்டியில் கேட்காமல்,
பாறசாலை சர்ச் பலகையில் கல்யாண அறிவிப்புக்குக் கீழே.
ஒரு கண்டக்டர் வாங்கிச் சுருட்டிக் காது குடைந்தார்.
"இதுல ஒனக்கு என்ன கெடைக்கும்?" என்றார் இன்னொருவர்,
உண்மையான அக்கறையோடு.
பார்த்தவர்கள் பதினொன்று எனக் காட்டியது எண்ணிக்கை.
ஆறு நான். மூன்று என் தம்பி ஜெஃப்ரின்.
மிச்சம் இரண்டு பேரை நினைத்தபடி
தூங்கிய இரவுகள் உண்டு.

"அறிவிக்கிறோம்" என்றார்கள்.

திரும்பும்போது மழை. நெய்யாற்றின்கரையில் நெரிசல்.
களியக்காவிளையில் இறங்க ஒன்பது பத்து.
என் கணக்குப்படி இன்னும் பத்து நிமிஷம்.
ஒன்பது இருபது.
ஒன்பதரை.
தூணோரம் ஒருத்தி, நர்ஸ் உடுப்பின் மேல் ஸ்வெட்டர்,
கையில் என் சீட்டு.
"ஒம்பது இருபதுக்கு உண்டுண்ணு போட்டிருக்கு பாருங்க.
எந்தப் பேய் எழுதினதோ.
நிறுத்தி மாசம் ரெண்டாச்சாம், கடைக்காரர் சொல்லுதாரு."

அம்மா போய் மூன்று மாதம்.
ராத்திரி பஸ்ஸுக்கு நிற்கிற வேலை
எனக்கு இல்லாமல் போயிருந்தது.

பேசாமல் நிற்கலாம். சீட்டில் என் பெயர் இல்லை.
"நான்தான் எழுதினது" என்றேன்.
"அப்புறம் வந்து பாக்கல. பாத்திருக்கணும்."
பிரின்ஸ்லால் சொல்லித் தராத வாக்கியம்.

மேலும் கீழும் பார்த்தாள்:
இஸ்திரி கலைந்த சுடிதார், மார்போடு ஃபைல்.
திட்டுவாள் என்று நின்றேன்.
திட்டினாள், நன்றாகவே.
பிறகு ஆட்டோ. மார்த்தாண்டம் வரை முந்நூறு கேட்டான்,
அதற்கும் அவளே பேரம் பேசினாள்.

குழித்துறைப் பாலத்தில் போனைத் திறந்து
அந்த வரியை அழித்தேன்.
கடைசி பஸ் எட்டு ஐம்பது என்றாயிற்று.
"அதாவது சரிதானா?" எட்டிப் பார்த்துக் கேட்டாள்.
"தெரியாது.
நாளைக்கு வந்து நிண்ணுதான் பாக்கணும்."

ஆட்டோவின் படுதா அடித்துக்கொண்டே இருந்தது.
"எனக்கு நாளைக்கும் இதே ஷிஃப்டுதான்" என்றாள்.
"குடை எடுத்துட்டு வாங்க."