வார், தோல், பழுப்பு

வார்டில் மணிக்கட்டு வெறுமையாக இருக்க வேண்டும்.
வளையல் கூடாது, கடிகாரம் கூடாது.
என் நேரம் நெஞ்சுப் பையில் ஊக்கு குத்தித் தொங்குகிறது,
எனக்கு நேராக, மற்றவர்களுக்குத் தலைகீழாக.

ஆனாலும் மணிக்கட்டுகளை எனக்குத் தெரியும்.
நாடி பிடித்த இரண்டு விரலுக்கு
அங்குல நாடா எதற்கு?
ஆறேகால். ஏழு. நீர் கோத்த ஏழரை.
பெயர்ப்பட்டை மாட்டக் கை நீட்டச் சொல்லும்போதே
மனதுக்குள் தோலை வெட்டிவிடுவேன்.

மாட்டுத்தோல் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
இல்லையென்றால் அறைத்தோழி லிட்டி பதறுவாள்.
பதினொன்றாம் எண் பிளேடு மருந்துக்கடையில் வாங்கியது,
வார்டில் எடுத்ததல்ல.
இதை மட்டும் அவள் நம்பவே இல்லை.

சோஹாரில் மீன் சந்தைக்குப் போகும் வழியில்
சோபா தைக்கும் நஸீம் பாய்
ஒரு ரியாலுக்குப் பை நிறையத் துணுக்குகள் தருகிறார்.
பெரிய வீடுகளுக்கு வெட்டியதில் மிஞ்சியவை,
யாரும் இன்னும் உட்காராதவை.
மெல்லிசு. எவ்வளவு தேய்த்தாலும் விளிம்பு பஞ்சாகப் பிரியும்.
என் முதல் வாரைப் பார்த்து
நாய்க்குட்டிக்கு ஆகும் என்றாள் லிட்டி,
நாய்க்குட்டி இருந்தால்.

பிறகு துபாய் போய்வந்த சூப்பர்வைசர்
சாயமேற்றாத நல்ல தோல் ஒரு சாண் கொண்டுவந்தார்.
நாக்கை அமுக்கிப் பார்க்கும் குச்சியில் உப்புத்தாள் ஒட்டி
விளிம்பைத் தேய்த்தேன். மெழுகு. மறுபடி தேய்ப்பு.
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
மூன்று பகல்கள், நைட் டியூட்டி முடிந்த தூக்கத்தில் திருடியவை.

காயம் தைப்பது டாக்டர்.
நூலை நறுக்கிக் கொடுப்பவள் நான்.
இங்கே இரண்டு ஊசியும் என்னுடையவை:
ஒரே நூலின் இரு முனைகள்
ஒரே துளைக்குள் எதிரெதிராக நுழைந்து
ஒன்றையொன்று குத்தாமல் கடக்க வேண்டும்,
காலை ஏழரைக்கு வாசற்படியில்
டியூட்டிக்குப் போகும் லிட்டியும் திரும்பி வரும் நானும் போல.
ஐந்தாவது தையலில் போன் அடித்தது.
அது மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

எக்ஸ்ரே செல்வினுக்குப் பிறந்தநாள். கொடுத்தேன்.
கட்டிப் பார்த்தார், கண் கலங்கினார்.
கலங்கியது போலத்தான் இருந்தது.

ஆகஸ்டில் ஓர் இரவு, துறைமுகக் கிடங்கிலிருந்து
சிறுநீரகக் கல்லோடு சுருண்டு வந்தார் பெரியநாயகம்.
வெயில் காலத்தில் இரவுக்கு நாலு கல் வரும்.
இவருக்கு, நான் பேசுவது தமிழ் என்றதும்
வலியின் சத்தம் பாதியாகக் குறைந்தது.
ஊசி போடக் கையைத் திருப்பினேன்.
சாய்ந்த ஐந்தாவது தையல்
என்னைப் பார்த்தது.

"பார்த்துக் கழட்டுங்க சிஸ்டர்.
இத்தாலி. பன்னிரண்டு ரியால்.
எக்ஸ்ரேக்காரர், தெரிஞ்சவர்னு விலை குறைச்சுக் குடுத்தார்."

வியர்வையில் கறுத்திருந்தது வார்.
உட்பக்கம் உப்பு வெள்ளையாக ஒரு கரை கட்டியிருந்தது.
செல்வினின் ஏழு அங்குலத்துக்கு நான் போட்ட ஆறு துளை தாண்டி
ஏழாவதாக ஒன்று, ஆணியால் அடித்தது, கோணல்.
அதில்தான் கட்டியிருந்தார்.
அந்தத் துளைதான் நன்றாகத் தேய்ந்திருந்தது.

மருந்து இறங்கி அவர் முகம் தளர்ந்ததும்
உடைமைப் பதிவேட்டைத் திறந்தேன்.
கடிகாரம், ஒன்று.
வார், தோல், பழுப்பு.
"இத்தாலின்னும் போட்டுக்குங்க சிஸ்டர்,
தொலைஞ்சா கேக்கணும்ல" என்றார், கண்ணை மூடியபடி.

போட்டேன்.
கையெழுத்து வழக்கத்தைவிட
கொஞ்சம் பெரிதாகவே வந்தது.