நெல்லளவு

பீல் நகரத்துப் பாண் தொழிற்சாலையில்
இரவு இரண்டு பத்துக்கு இடைவேளை.
பதினைந்து நிமிடம்.
மர்லிஸ் கோப்பியோடு வந்து அமர்வாள்.
எதிர்க் கதிரையில் நான்
மா ஒட்டிய விரல்களைத் துடைத்துவிட்டு
டூபி பென்சிலைக் கூராக்குவேன்.

முதல் கிழமை தாளில் வந்தது ஒரு பெண்.
நல்ல பெண்தான்,
மர்லிஸ் இல்லை.
கண் என்றால் மீன், மூக்கு என்றால் எள்ளுப்பூ என்று
என் கைக்கு யாரோ எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.
அது கண்ணைக் கேட்காமலே வரைகிறது.

பிறகு கைபேசியில் அவள் படத்தைத்
தலைகீழாகத் திருப்பி வைத்தேன்.
மூக்கு மூக்காய் இல்லை:
ஒரு நிழல், அதை ஒட்டி ஒரு வெளிச்சம்,
அப்பால் பெயரில்லாத ஒரு வளைவு.
பெயர் போனதும் கை பணிந்தது.
கண்ணின் வெள்ளை வெள்ளையில்லை,
இமையின் நிழல் அதன்மேல் படுத்திருக்கிறது.
பல்லை எண்ணி எண்ணி வரைந்தால்
சோளப்பொத்தி சிரிக்கும்.
முடியை இழை இழையாய் இழுத்தால்
தும்புக்கட்டை.

ஆனாலும் முகம் தட்டையாய்த்தான் கிடந்தது,
அழுத்திய மா போல.
எனக்குக் கறுப்பென்றால் பயம்.
நாடிக்குக் கீழே, மூக்குத் துவாரத்தில்,
உண்மையில் இருட்டாயிருந்த இடத்திலும்
மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு சாம்பல்.
சிக்ஸ்பி ஒன்று வாங்கினேன்.
மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.
நாலாம் இரவு அழுத்தினேன்;
கன்னம் தாளை விட்டு எழுந்து வந்தது.

இன்னும் ஏதோ.
மூக்குக்கும் மேல் உதட்டுக்கும் நடுவே
ஒரு நெல்லளவு கூட விட்டிருந்தேன்.
அழிறப்பரை உருட்டி ஒற்றி எடுத்து
உதட்டை மேலே ஏற்றினேன்.
சட்டென்று மர்லிஸ்.
கோபம் வருவதற்குச் சற்று முந்திய மர்லிஸ்.

நெடுநேரம் பார்த்தாள். கோப்பி ஆறியது.
"நல்லாயிருக்கு. ஆனால் இது நான் இல்லை."
போறணைப் பக்கமிருந்து றொபேர்த்தோ எட்டிப் பார்த்து
"அசல் நீதான்" என்றான்.
பொதியிடும் பெண்கள் இருவரும் அதையே சொன்னார்கள்.
அவள் மட்டும் இல்லையென்று தலையாட்டினாள்.

மணியடிக்க நாலு நிமிடம் இருந்தது.
கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி,
கீழ்மூலை உடைந்தது.
தாளைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.
கண்ணாடிக்குள்
தாழ்ந்த புருவம் பக்கம் மாறிப் போய் நின்றது.
"ஓ," என்றாள். "இப்போது நான்."

அறுபத்தொரு வருடமாய்த்
தினமும் காலையில் அவள் சந்தித்தவள்,
எங்களில் ஒருவரும் கண்டிராதவள்.

ஒருமுறை ஓர் எல்லையில்
கடவுச்சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து
"இது நீயா?" என்று கேட்டார்கள்.
நானும் சந்தேகத்தோடுதான் ஓமென்றேன்.

மணி அடித்தது.
வலைத்தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொண்டே
"நாடியை மட்டும் கொஞ்சம் குறைக்கலாமா," என்றாள்,
"ஒரு துளி?"
மா குழைக்கும் இயந்திரம் சுழலத் தொடங்கியது.
என்ன பதில் சொன்னேனோ,
எனக்கே கேட்கவில்லை.